மகளுக்கு 4-ம் குரோமோசோமில் குறைவு, 8-ம் குரோமோசோமில் கூடுதல். நாங்கள் இரண்டு பேரும் இரத்தம் கொடுக்கத்தான் வேண்டுமா?

கருங்கல் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். நான் கருங்கல் பக்கம். மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. பிறக்கும்போது 1 கிலோ 900, இப்போது 4 கிலோ 700. தலை இன்னும் நிற்கவில்லை. பால் குடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது, அதிலும் பாதி வெளியே வந்துவிடும். ஏழாம் மாதம் காய்ச்சலோடு வலிப்பு வந்தது, அதற்குப் பிறகு மூன்று தடவை வந்துவிட்டது. இதயத்தில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கிறது, தானாக அடையலாம் என்றார்கள். முதலில் காட்டிய இடத்தில் எடை குறைவாகப் பிறந்த பிள்ளை, ஒரு வயதுக்குள் எல்லாம் சரியாகும் என்று சொல்லி டானிக் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், நாங்களும் நம்பிக்கொண்டே இருந்தோம். வலிப்பு வந்த பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் பிள்ளையின் நெற்றியும் மூக்கும் சேருகிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மைக்ரோஅர்ரே என்ற குரோமோசோம் சோதனை எழுதினார்.

ரிப்போர்ட் போன வாரம் வந்தது. 4பி16 என்ற இடத்தில் சுமார் 9 எம்பி அளவு டெலிஷன், அதாவது குறைவு, 8பி23 என்ற இடத்தில் சுமார் 7 எம்பி அளவு டூப்ளிகேஷன், அதாவது கூடுதல், வுல்ஃப் ஹிர்ஷ்ஹார்ன் சிண்ட்ரோம் என்று இருக்கிறது. கீழே, இது அன்பேலன்ஸ்டு டிரான்ஸ்லொகேஷனாக, அதாவது குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியதால் வந்ததாக இருக்கலாம், அப்பா அம்மா இருவரையும் சோதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

அங்கேதான் வீட்டில் சண்டை. என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன் மாமன் மகள். அதனால் மாமி, இது உன் வீட்டு இரத்தத்தில் வந்தது, எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் இப்படி இல்லை, என் மகன் எதற்கு ஊசி குத்த வேண்டும் என்கிறார்கள். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று நான் வெளியே வந்ததையும் சொல்லிக் காட்டுகிறார்கள். வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம், யாரால் வந்தது என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். எனக்கும் சில நேரம் அது சரி என்றுதான் படுகிறது.

ஆனால் நாத்தனார், அவருடைய தங்கை, இப்போது பதினோரு வாரம். குளச்சலில் கொடுத்திருக்கிறது. முதல் பிள்ளை. அவளுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பயமுறுத்தாதே என்று மாமி அழுகிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

முட்டம் கடலோரம்

தங்கச்சி, மனதைத் தளரவிடாதீர்கள். எங்கள் தெருவிலும் சொந்தத்தில் கட்டி மூன்று பிள்ளைகளுக்கு வாய் பேச வராது. சொந்தத்தில் கட்டினால் இப்படி ஆகும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். உங்கள் அம்மா அப்பா செய்தது பேத்தியிடம் வந்திருக்கிறது போல. இனி அதைச் சோதித்து என்ன செய்ய, நல்ல வைத்தியம் பாருங்கள்.

பச்சை மூடி டியூப்

தங்கச்சி, நான் நாகர்கோவில்காரி, பதினான்கு வருடமாகத் திருவனந்தபுரத்தில் ஒரு லேபில் குரோமோசோம் பார்க்கிற வேலை செய்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கிறது இதைத்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள், முடிந்தால் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் முட்டம் அண்ணனுக்கு. நீங்கள் நல்ல மனதோடு எழுதியது தெரிகிறது, ஆனால் இந்த விஷயத்தில் அது தவறு. சொந்தத்தில் கட்டினால் கூடுவது வேறு வகை நோய்கள். ஒரே பழுதான ஜீன் அப்பாவிடமும் அம்மாவிடமும் இருந்து இரண்டும் பிள்ளையிடம் சேரும்போது வருபவை. பிறவியிலேயே காது கேளாமை சில வீடுகளில் அப்படி வரும். டிரான்ஸ்லொகேஷனுக்கும் சொந்தத்தில் கட்டுவதற்கும் சம்பந்தம் கிடையாது. கிரகணத்துக்கும் கிடையாது, கர்ப்பத்தில் எதைத் தின்றோம் எங்கே போனோம் என்பதற்கும் கிடையாது. கரு உருவாகிற அந்த நேரத்திலேயே முடிந்துவிட்ட காரியம் இது, தங்கச்சிக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே.

நமக்கு 23 ஜோடி, மொத்தம் 46 குரோமோசோம். ஜோடியில் ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. இனி கயிறு என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான சிவப்புக் கயிறு இரண்டு, அது 4-ம் ஜோடி. கொஞ்சம் குட்டையான நீலக் கயிறு இரண்டு, அது 8-ம் ஜோடி. ஒரு மனிதருக்கு, ஒரு சிவப்பின் நுனி அறுந்து நீலத்திலும், ஒரு நீலத்தின் நுனி அறுந்து சிவப்பிலும் முடியப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். அவரிடம் சிவப்பும் குறையவில்லை, நீலமும் குறையவில்லை. எல்லாம் இருக்கிறது, இடம் மட்டும் மாறியிருக்கிறது. அதனால் அவர் நன்றாக ஓடியாடி, படித்து, வேலைக்குப் போய், ஒரு நோயும் இல்லாமல் இருப்பார். இதைத்தான் பேலன்ஸ்டு கேரியர் என்கிறோம். 500 பேரில் ஒருவர் என்ற அளவில் ஏதாவது ஒரு டிரான்ஸ்லொகேஷனோடு இப்படி இருப்பார்கள். மார்த்தாண்டம் சந்தைக்கு ஒரு நாள் காலையில் வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது.

அவர் பிள்ளைக்குக் கொடுக்கும்போதுதான் சிக்கல். ஒரு சிவப்பு, ஒரு நீலம் மட்டும்தான் கொடுக்க முடியும். இரண்டும் ஒழுங்கான கயிறாகப் போனால் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. இரண்டும் முடிச்சுப் போட்டதாகப் போனால் பிள்ளையும் அவரைப் போலவே கேரியர், ஆரோக்கியமாக இருக்கும். முடிச்சுப் போட்ட சிவப்பும் ஒழுங்கான நீலமும் போனால்? சிவப்பு நுனி குறைகிறது, நீல நுனி கூடுகிறது. உங்கள் மகளின் ரிப்போர்ட்டில் இருப்பது அச்சு அசலாக அதுதான். ஒரு குரோமோசோமின் நுனியில் குறைவும் இன்னொன்றின் நுனியில் கூடுதலும் ஒரே பிள்ளையிடம் தெரிந்தால், எங்களைப் போன்றவர்கள் உடனே அப்பா அம்மாவை நினைப்பது இதனால்தான். இந்த சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் 40 முதல் 45 சதவீதம் பேருக்கு இப்படி டிரான்ஸ்லொகேஷன் வழியாகத்தான் வருகிறது. அதில் சிலருக்கு அப்பா அம்மா இருவருமே சரியாக இருந்து, புதிதாகப் பிள்ளையிடம் நேர்ந்திருக்கும். எது என்று சோதித்தால்தான் தெரியும்.

ஏன் 4-ம் 8-ம்? இது தற்செயல் இல்லை. இந்த இரண்டு குரோமோசோம்களின் நுனியிலும் வாசனை அறிகிற ஜீன்கள் கூட்டமாக இருக்கிற இடங்கள் உண்டு. அவை ஒன்றைப் பார்த்து ஒன்று வார்த்தது போல இருக்கும். விந்தோ முட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் தன் ஜோடியைத் தேடி ஒட்டும் அல்லவா, அப்போது ஆள் மாறி ஒட்டிவிடுகிறது. அதனால்தான் உலகத்தில் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத பல குடும்பங்களில் இதே 4-8 மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. யாருடைய இரத்தமும் கெட்ட இரத்தம் இல்லை.

இனி முக்கியமானது, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு பேருக்கும் மைக்ரோஅர்ரே செய்யாதீர்கள். அது எவ்வளவு இருக்கிறது என்று எடை போடுகிற சோதனை. முடிச்சு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கேரியருக்கு எடை சரியாக இருப்பதால் நார்மல் என்றே வரும், காசும் போய், தப்பான நிம்மதியும் வரும். உங்களுக்கு வேண்டியது கேரியோடைப், பச்சை மூடி டியூபில் எடுக்கிற இரத்தம். அதில் உயிரோடு இருக்கிற செல்களை மூன்று நாள் வளர்த்து, பிரிகிற நேரத்தில் நிறுத்தி, சாயம் போட்டுப் பார்ப்போம். ஊதா மூடியில் எடுத்துவிட்டால் எங்களால் வளர்க்க முடியாது. ஐஸ் கட்டி மேல் நேரடியாக வைத்துக் கொண்டுவராதீர்கள், செல் செத்துவிடும்.

கேரியோடைப் மட்டும் போதுமா என்றால், உங்கள் விஷயத்தில் போதாது. 4-ன் நுனியும் 8-ன் நுனியும் சாயத்தில் வெளிறித் தெரிகிற பகுதிகள். இரண்டும் இடம் மாறியிருந்தால் பழகிய கண்ணுக்கே தப்பிவிடும், நானே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த இரண்டு நுனிக்கும் ஃபிஷ் சோதனையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அதில் நுனிகள் நிறமாக ஒளிரும், இடம் மாறியிருந்தால் பளிச்சென்று தெரியும். மகளின் ரிப்போர்ட் நகலை இரத்தத்தோடு கட்டாயம் கொடுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் 46-யும் தேடுவதும், இந்த இடம் என்று தெரிந்து தேடுவதும் ஒன்றில்லை.

நாத்தனாருக்குச் சொல்ல வேண்டும். உடனே. உங்கள் வீட்டுக்காரர் கேரியராக இருந்து அது அவருடைய அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருந்தால், தங்கைக்கும் அது இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர் ரிசல்ட் வந்த பிறகு அவளுக்கு எடுப்போம் என்று காத்திருந்தால் வாரங்கள் போய்விடும், இரண்டு பேரும் ஒரே நாளில் கொடுக்கட்டும். நஞ்சுக்கொடியில் கொஞ்சம் எடுக்கிற சோதனை 11 முதல் 13 வாரம் வரைதான், அதற்கு நேரம் போதாது. ஆனால் 16-ம் வாரத்தில் பனிக்குட நீர் எடுக்கலாம். சாதாரணமாக எல்லோருக்கும் எடுக்கிற டபுள் மார்க்கர் இரத்தச் சோதனை இதைக் காட்டாது, 12 வார ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் இதற்குப் பதில் ஆகாது.

இன்னும் ஒன்று. உங்கள் மாமிக்கோ, உங்கள் அம்மாவுக்கோ, முன்பு கர்ப்பம் கலைந்தது உண்டா? பிறந்து இறந்த பிள்ளை உண்டா? மெதுவாகக் கேளுங்கள். அந்தக் காலத்தில் யாரும் அதைப் பேசியிருக்க மாட்டார்கள்.

குலசேகரம் அப்பா

பச்சை மூடி அக்கா எழுதியதற்கு மேல் சோதனையைப் பற்றிச் சொல்ல எனக்கு அறிவு இல்லை. நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். இது உங்கள் வீட்டுக்காரருக்கு எழுதுகிறது. தம்பி, நீங்கள் சொன்ன அதே வார்த்தையை நானும் சொன்னேன். யாரால் வந்தது என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது. பெரிய மனதோடு சொன்னதாக அப்போது நினைத்தேன். உண்மையில் என்னால் வந்தது என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்தான். எனக்கு அது தெரியவே மூன்று வருடம் ஆயிற்று.

எங்கள் மகனுக்கு 1-ம் குரோமோசோமின் நுனி குறைவு, 1பி36 என்பார்கள், கூடவே இன்னொரு குரோமோசோமின் துண்டு கூடுதல். இப்போது எட்டு வயது. ரிப்போர்ட் வந்ததும் என் மனைவி மட்டும் இரத்தம் கொடுத்தாள், அவளுக்கு நார்மல். அப்படியென்றால் நான்தான் மிச்சம் என்று ஒரு குழந்தைக்கும் தெரியும், ஆனால் நான் கொடுக்கவில்லை. காலை நாலு மணிக்கு வெட்டுக்குப் போக வேண்டும், லீவு கிடையாது, மழை வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்கிடையில் இரண்டாவது கர்ப்பம், நாலாம் மாதம் கலைந்தது. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நான் போய்க் கையை நீட்டினேன்.

அதிலும் ஒரு சிக்கல். ரிசல்ட் நார்மல் என்று வந்தது. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு வருடம் கழித்து வேலூர் சி.எம்.சி.யில் ஜெனடிக்ஸ் பார்க்கிற டாக்டர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரத்தம் கொடுக்கும்போது மகனின் ரிப்போர்ட்டைக் கொடுத்தீர்களா என்று கேட்டார். கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மறுபடி எடுத்து ஃபிஷ் செய்ததில் நான்தான் கேரியர் என்று வந்தது. அக்கா சொன்ன அந்த வெளிறிய நுனிதான். ஒரு நகல் எடுக்கிற ரெண்டு ரூபாயில் எங்களுக்கு ஒரு வருடம் போயிற்று.

அண்ணனிடம் சொன்னேன். அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் குடும்பத்தைக் கெடுக்கவா வந்தாய் என்று கேட்டுவிட்டு ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் ராத்திரி அவரே போன் செய்து, எந்த லேப் என்று கேட்டார். அவருக்கு இல்லை. அதனால் அவர் பிள்ளைகளுக்கும் இல்லை. இப்போது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். நான் சொல்லாமல் இருந்திருந்தால், ஏதாவது நடந்த பிறகு நான் எந்த முகத்தோடு போயிருப்பேன்.

எங்கள் மகன் சுவரைப் பிடித்து நடக்கிறான். பேச்சு இல்லை. ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷின் உருள ஆரம்பித்தால் எங்கே இருந்தாலும் கை தட்டுவான், வாசல் வரை வந்து நிற்பான். வலிப்பு இப்போது இரண்டு வருடமாக இல்லை. இங்கிலாந்தில் 1984 முதல் யுனிக் என்று ஒரு பெற்றோர் அமைப்பு இருக்கிறது, ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனிச் சின்னப் புத்தகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலம்தான். என் அண்ணன் மகள் வாசித்துச் சொன்னாள். நம் பிள்ளை செய்கிற சில கோமாளித்தனம் எங்கேயோ இருக்கிற ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையும் செய்கிறது என்று கேட்டபோது என் மனைவி அழுதுவிட்டாள்.

தக்கலை பிசியோ

பெரிய விஷயம் எல்லாம் மேலே எழுதிவிட்டார்கள். நான் பிள்ளைக்கு இன்று என்ன செய்வது என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் சோதனை முடிவு வருகிற வரை பிள்ளை காத்திருக்காது.

பால் கொடுப்பது. படுக்க வைத்துச் சங்கில் ஊற்றுகிறீர்களா? நம் ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான், பாட்டிமார் காலில் கிடத்தி ஊற்றுவார்கள். இந்தப் பிள்ளைக்கு அதை இன்றோடு நிறுத்துங்கள். தசை தளர்வாக இருக்கிற பிள்ளைக்கு விழுங்குவது மெதுவாகத்தான் நடக்கும், ஊற்றுகிற பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். மடியில் பாதி நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் உங்கள் முழங்கையில் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குடித்து முடித்த பிறகும் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். தண்ணியாக உள்ள பாலைவிடக் கெட்டியான ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சியை இப்படிப்பட்ட பிள்ளைகள் எளிதாக விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று விழுங்குவதைப் பார்த்துச் சொல்கிற தெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். எடை ஏறவே இல்லை என்றால் மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாய் வைக்கலாமா என்று டாக்டர் கேட்பார். பயப்படாதீர்கள். குழாய் வைத்த பிறகு அம்மாவும் பிள்ளையும் ராத்திரி தூங்கிய வீடுகள் எனக்குத் தெரியும்.

வலிப்பு. இந்த சிண்ட்ரோமில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் மூன்று வயதுக்குள் வலிப்பு வரும், காய்ச்சல்தான் அதைக் கிளப்பிவிடும். எனவே காய்ச்சல் மருந்தும், எடைக்கு எவ்வளவு என்று எழுதிய சீட்டும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். மூக்கில் அடிக்கிற வலிப்பு மருந்து ஒன்று இருக்கிறது, மிடசோலம் ஸ்பிரே, அதை முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி, எப்படி அடிப்பது என்று அவர் முன்னாலேயே கற்றுக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் கரண்டியோ சாவியோ எதுவும் வைக்கக்கூடாது, மணியைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. வயது ஏற ஏறப் பலருக்கு வலிப்பு குறைந்து நின்றும்போகிறது.

காது சோதித்தாயிற்றா? பெரா சோதனை செய்யுங்கள். சிறுநீரகத்துக்கு ஒரு ஸ்கேன், கண். இவை இந்த சிண்ட்ரோமில் அடிக்கடி பாதிக்கிற இடங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. இருக்கிறது, ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று போர்டு இருக்கும், பிசியோ, பேச்சு, காது எல்லாம் ஒரே இடத்தில் இலவசம். வாரம் ஒரு நாளாவது போங்கள். அங்கே கற்றுக்கொண்டதை வீட்டில் தினமும் செய்தால்தான் பலன், வாரம் ஒரு நாள் நான் செய்வதில் ஒன்றும் ஆகாது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே பதிந்துவிடுங்கள். சின்னப் பிள்ளை என்பதால் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுப்பார்கள், பிறகு புதுப்பிக்க வேண்டும், பரவாயில்லை. அது இருந்தால் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுக்கலாம். நிராமயா என்று மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துகிற இன்சூரன்ஸும் இருக்கிறது, வருடம் ஒரு லட்சம் வரை, அதில் தெரபிச் செலவும் உண்டு.

1965-ல் ஜெர்மனியில் வுல்ஃபும் அமெரிக்காவில் ஹிர்ஷ்ஹார்னும் இதை எழுதியபோது இந்தப் பிள்ளைகள் வளர மாட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். பழைய புத்தகத்தில் இன்றும் அப்படி இருக்கும். அதைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். பிறகு வருடக்கணக்கில் கூடவே இருந்து பார்த்ததில் ஏறக்குறைய பாதிப் பேர் தனியாகவோ பிடித்துக்கொண்டோ நடக்கிறார்கள். மெதுவாகக் கற்கும், ஆனால் கற்கும்.

கருங்கல் அம்மா

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. குலசேகரம் அண்ணன் எழுதியதை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு போனை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, திங்கட்கிழமை போகலாம், உன் தாளையெல்லாம் நகல் எடுத்து வை என்றார். நாத்தனாருக்கு அவரே போன் செய்து சொன்னார். அவளும் வருகிறாள்.

சங்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

முட்டம் கடலோரம்

தங்கச்சி, நான் தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே வீட்டில் அப்படிச் சொல்லிக் காட்டுகிற நேரத்தில் நானும் அதையே சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்கு எங்கள் வீட்டில் வேண்டிக்கொள்கிறோம். பச்சை மூடி அக்கா, எங்கள் தெருவில் உள்ள அந்த மூன்று பிள்ளைகளின் சித்திக்கு இப்போது கல்யாணம் பேசுகிறார்கள், அதுவும் மாமன் மகனுக்குத்தான். அவர்கள் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல முடியுமா?

பச்சை மூடி டியூப்

அண்ணே, மன்னிப்பெல்லாம் வேண்டாம். தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே கேட்கிறீர்களே, நல்ல காரியம்.

கருங்கல் அம்மா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எனக்கு நார்மல். வீட்டுக்காரர் கேரியர், 4-ம் 8-ம். கேரியோடைப்பில் சந்தேகம் என்று மட்டும் போட்டிருந்தார்கள், ஃபிஷ் செய்ததில்தான் உறுதியாயிற்று. நாத்தனாரும் கேரியர்.

மாமியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்காரர்தான் ரிசல்ட்டைச் சொல்லிக் கயிறு கணக்கைத் தாளில் வரைந்து காட்டினார். மாமி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியானால் எனக்கு முன்னால் போன பிள்ளை என்று கேட்டார்கள். எங்கள் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்கு மூத்ததாக ஒரு பெண் பிள்ளை பிறந்து நாற்பது நாள் இருந்திருக்கிறது. பால் குடிக்காது, அழுகைச் சத்தமே பூனைக்குட்டி மாதிரி மெதுவாக இருக்கும், என் மாமியார் நான் ஒழுங்காகப் பால் கொடுக்காமல் கொன்றுவிட்டேன் என்று சாகும் வரை சொன்னாள் என்றார்கள் மாமி. இரண்டு கர்ப்பமும் கலைந்திருக்கிறது. முப்பத்தைந்து வருடமாக இதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள். மறுநாள் அவர்களே என்னிடம் வந்து, மக்களே என்னையும் கூட்டிக்கொண்டு போ, எனக்கும் எடுக்கட்டும் என்றார்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் மாமி இப்போது மகளை மடியில் நிமிர்த்தி வைத்துத்தான் கஞ்சி கொடுக்கிறார்கள், வேறு யாரையும் கொடுக்கவிடுவதில்லை. எடை 5 கிலோ 50.

நாத்தனாருக்கு வருகிற வியாழக்கிழமை 16 வாரம் முடிகிறது, அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் பனிக்குட நீர் எடுக்கிறார்கள். ரொம்பப் பயந்து போயிருக்கிறாள். பிள்ளைக்கு ஊசி பட்டுவிடுமா, வெறும் வயிற்றோடு போக வேண்டுமா, என்னவெல்லாம் எடுத்துப் போக வேண்டும் என்று கேட்கிறாள். எங்களுக்கு இனி இன்னொரு பிள்ளை என்றால் எவ்வளவு ஆபத்து என்றும் சொல்லுங்கள்.

பச்சை மூடி டியூப்

தங்கச்சி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. மாமியிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

நாத்தனாருக்கு. வெறும் வயிறு வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வரட்டும். ஸ்கேனில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, பிள்ளை இல்லாத இடமாகப் பார்த்துத்தான் ஊசியை விடுவார்கள். ஓரிரு நிமிட வேலை. அதனால் கர்ப்பம் கலைவது மிக அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், கையெழுத்து வாங்கும்போது அவர்களே விளக்குவார்கள். அவளுடைய இரத்தப் பிரிவுச் சீட்டை எடுத்துப் போகச் சொல்லுங்கள், நெகட்டிவ் என்றால் ஒரு ஊசி போட வேண்டும். அடையாள அட்டை, அவளுடைய ஃபிஷ் ரிப்போர்ட், மகளின் மைக்ரோஅர்ரே ரிப்போர்ட் மூன்றும் கையில் இருக்கட்டும். ஆணா பெண்ணா என்று கேட்க வேண்டாம், சட்டப்படி யாரும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று நாள் பாரம் தூக்காமல் இருந்தால் போதும். வயிற்று வலி, நீர் கசிவு, காய்ச்சல் இருந்தால் உடனே போக வேண்டும்.

பனிக்குட நீரில் மைக்ரோஅர்ரே சரியான சோதனை, ஏனென்றால் பிள்ளையிடம் குறைவோ கூடுதலோ இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிள்ளையும் அம்மாவைப் போலக் கேரியராக இருந்தால் அதில் நார்மல் என்றே வரும், அது நல்ல செய்திதான். முடிவு வேறு மாதிரி வந்தால் என்ன செய்வது என்பதை அவளும் அவள் வீட்டுக்காரரும் மட்டும் முடிவு செய்யட்டும், யாரும் நெருக்க வேண்டாம். சட்டத்தில் அதற்கு நேரம் இருக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால் 24 வாரத்தைத் தாண்டியும் கர்ப்பத்தைக் கலைக்க அனுமதி உண்டு. வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாலும் அதற்கு அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது, உங்கள் மகளைப் பார்த்த பிறகு அவள் எந்தப் பக்கமும் யோசிக்கலாம்.

உங்களுக்கு. இப்படி ஒரு பிள்ளை உயிரோடு பிறந்த குடும்பங்களில் அடுத்த பிள்ளைக்கும் வர 5 முதல் 30 சதவீதத்துக்குள் ஏதாவது ஒரு எண் சொல்வார்கள். உங்கள் எண் எது என்று ஜெனடிக்ஸ் டாக்டர்தான் முடிச்சு இருக்கிற இடத்தையும் குடும்பக் கதையையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும், மாமி சொன்ன அந்த நாற்பது நாள் பிள்ளையையும் கலைந்த இரண்டையும் மறக்காமல் சொல்லுங்கள். கருவை வெளியே உண்டாக்கி, சோதித்து வைக்கிற முறையும் இருக்கிறது, செலவு அதிகம். அதெல்லாம் அவசரம் இல்லை. வியாழக்கிழமை முடியட்டும்.

அன்றைக்கு நான் டியூட்டியில்தான் இருப்பேன். காலையில் வண்டி ஏறும்போது ஒரு செய்தி போடச் சொல்லுங்கள்.

கருங்கல் அம்மா

சரி அக்கா. ஐந்தே முக்கால் பஸ்ஸுக்குப் போகிறார்கள், மாமியும் கூடப் போகிறார்கள்.